கட்டிலாக நீளும் நாற்காலி

அவருக்கு ரன்வே என்று பெயர் வைத்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிற மனிதருக்கு எதற்கு அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கொஞ்ச நேரம் கடையில் உட்கார்ந்திருந்தால் தானாகப் புரிந்துவிடும். யாருடைய மூக்கிலாவது சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். வில்லையைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போய்விடுவார். நாற்காலியில் இருக்கிறவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

"ஏறுதா, இறங்குதா?" என்று தையல்காரர் மிஷினில் இருந்து காலை எடுக்காமலே கேட்பார்.

"ஏறுது. நீள இறக்கை. இப்ப கிளம்பினா நடுவுல எங்கயும் நிக்காது, நேரா அந்தக் கரைதான்."

"நம்ம தெரு பஸ்ஸும் அப்படி எங்கயும் நிக்காமத்தான் போகுது. அதை யாரு பார்க்கிறா?"

ரன்வே சிரித்துக்கொண்டே உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி மூக்கை அழுத்தியது, காதைக் கடித்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

விமானத்தைப் பார்ப்பதோடு நின்றிருந்தால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏறவும் வேண்டும் என்பார். அதிலும் பின்னால் எல்லோரோடும் முட்டி இடிக்க உட்கார்ந்து போவதெல்லாம் அவருக்குச் சரிப்படாது. முன்பக்கத்தில் பிசினஸ் கிளாஸ் என்று ஒரு வகுப்பு இருக்கிறதே, பொத்தானை அமுக்கினால் நாற்காலி நீண்டு கட்டிலாகிவிடுமே, அதில்தான் போக வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் கடையில் பாதியை விற்றாக வேண்டும். அவர் காசு கொடுத்து வாங்கவில்லை, புள்ளிகளைக் கொடுத்து வாங்கினார்.

அந்தப் புள்ளிகள் சேர்ந்த கதை தனிக் கதை. வங்கி கொடுக்கிற கடன் அட்டையைத் தேய்க்கத் தேய்க்கப் புள்ளி விழும். விழுந்த புள்ளியை விமானக் கம்பெனியிடம் கொடுத்தால் சீட்டு கொடுப்பார்கள். அதனால் உறவில் யார் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினாலும் இவருடைய அட்டையைத்தான் தேய்க்க வேண்டும். ரொக்கத்தை இவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓட்டலில் பத்துப் பேராகச் சாப்பிடப் போனால் பில் மேசைக்கு வருவதற்கு முன்பே அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். முதல் தடவை கூடப் போகிறவர்கள், எவ்வளவு தாராளமான மனுஷன் என்று நெகிழ்ந்து போவார்கள். வெளியே வந்ததும் அவர் வாசலில் நின்று ஆளாளுக்குப் பங்கு கேட்கும்போது அந்த நெகிழ்ச்சி போய்விடும்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தர். ஒரே ஒரு தடவை கணவனோடு முன்பக்கத்தில் போய்விட்டு வந்தாள். போய் இறங்கி, விமான நிலையத்து ஓய்வறையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டு, அடுத்த விமானத்தில் ஏறித் திரும்பிவிட்டார்கள். அந்தப் புது விமானத்தின் நாற்காலிக்குச் சின்னதாக ஒரு கதவு உண்டாம், அதைப் பார்க்கத்தான் பயணம். வீடு வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

"சோறு போட்டாங்க, போர்த்தித் தூங்க வெச்சாங்க, எழுப்பி விட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருந்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிமிர்ந்து நிற்கக்கூட இடம் இல்லாத கடையில், குனிந்து குனிந்து அடுத்தவர் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். மேகத்துக்கு மேலே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சூடான துண்டை நீட்டும்போது அவருக்குத் தான் வேறொரு ஆளாகிவிட்டதாகத் தோன்றும். அந்த ஆசையில் தப்பில்லை. அதற்காக எதைக் காக்க வைக்கிறோம் என்பதில்தான் தப்பு.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன். அப்பா போன பிறகு பேக்கரியில் சேர்ந்து, ரொட்டி அடுப்பின் அனலில் நின்று, தம்பியைக் கண் பரிசோதனைப் படிப்பு படிக்க வைத்தவர். அப்புறம் கடல் கடந்து வெகுதூரம் போய் அங்கேயும் ரொட்டிதான் சுட்டார். அண்ணி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகளோடு இருக்கிறார். தம்பி இரண்டு தடவை அங்கே போயிருக்கிறார். இரண்டு தடவையும், திரும்புவதற்குக் கட்டில் நாற்காலி அந்தத் தேதியில்தான் கிடைத்தது என்று போன சூடு ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

"சித்தப்பா ப்ளேனைப் பார்க்க வர்றாரு. வழியில எங்களையும் பார்த்துட்டுப் போறாரு" என்று அண்ணன் மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"டேய், எனக்கு நெஞ்சுல வால்வு சரியில்லையாம். வர்ற சனிக்கிழமை காலையில திறந்து பார்க்கிறாங்களாம்."

"என்னண்ணா சொல்ற? போன வாரம் பேசினப்போ நல்லாத்தானே இருந்த?"

"நல்லாத்தான் இருந்தேன். படி ஏறினா மூச்சு வாங்குச்சு, வயசாச்சுன்னு விட்டுட்டேன்." பிறகு, "நீ வந்தா நல்லா இருக்கும்டா. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பார்த்துட்டா தைரியமாப் போயிடுவேன்" என்றார்.

தம்பிக்குக் கொடுத்தே பழகிய மனிதர். இந்த வயதுவரை தம்பியிடம் இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதே இல்லை.

மகள் போனை வாங்கி வேறு அறைக்கு எடுத்துப் போனாள். "சித்தப்பா, டாக்டர் பாதிக்குப் பாதின்னுதான் சொல்லியிருக்காரு. அப்பாகிட்ட அதைச் சொல்லலை. நீங்க சீக்கிரம் கிளம்பி வாங்க. இந்தத் தடவை எந்த சீட்டு என்னன்னு பார்த்துட்டு இருக்காதீங்க."

"இதோ கிளம்பிட்டேன்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவர்கள் ஊரிலிருந்து அண்ணன் ஊருக்கு நேரான விமானம் தினமும் உண்டு. அன்றைக்கே ஏறியிருக்கலாம். பின்பக்கத்தில் இடம் கிடந்தது. கணினியைத் திறந்தவுடன் அவருடைய விரல் பழக்கதோஷத்தில் முன்பக்கத்தைத்தான் தட்டியது. புள்ளிக்குக் கிடைக்கிற கட்டில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியும். விற்காமல் மிஞ்சுகிற முன்பக்க இடங்களை விமானம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு புள்ளிக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அவரும் அவரைப் போன்ற பைத்தியங்களும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள். இதுவரைக்கும் திறக்காமல் போனதில்லை. சனிக்கிழமைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே. முட்டி வலியோடு அவ்வளவு நேரம் மடங்கி உட்கார்ந்து போய், அங்கே இன்னொரு நோயாளியாக இறங்கவா என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். கணினியை மூடி வைத்தார்.

திங்கட்கிழமை மனைவி கேட்டாள். "டிக்கெட் போட்டாச்சா?"

"கிடைக்கலை. பார்த்துட்டே இருக்கேன்."

செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். அவள் பெட்டியில் அவருடைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள், மாத்திரைகளை வைத்தாள், அண்ணன் மகளுக்கு ஒரு சால்வை வைத்தாள். பெட்டி கூடத்தின் நடுவில் கிடந்தது. வீட்டுக்குள் நடக்கிறபோதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலையில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையின் சான்றிதழ் வாங்க ஒருவர் வந்தார். பயண ஏஜென்சி வைத்திருக்கிறவர். அவள் பேச்சுவாக்கில், ஒரு அவசரத்துக்கு இன்ன ஊருக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லையாமே என்றாள். அவர் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "யாரும்மா சொன்னது? இன்னைக்குப் போறதுல பாதி காலியா இருக்கு. நேத்தும் அப்படித்தான் போயிருக்கும்" என்றார்.

அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவள் கடைப்படி ஏறியதில்லை. உள்ளே ஒரு பெரியவர் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கடைசி வரி வரைக்கும் தட்டுத் தடுமாறி வாசித்து, சட்டம் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிற வரைக்கும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, டிக்கெட் இல்லையா? இல்ல, படுக்கை இல்லையா?"

அவர் வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அதனதன் பள்ளத்தில் வைத்தார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறவர், அன்றைக்கு இரண்டை இடம் மாற்றி வைத்தார்.

"நாளைக்குள்ள திறந்துடுவாங்கம்மா. எப்பவும் திறப்பாங்க" என்றார் கடைசியில்.

"அங்க உங்க அண்ணன் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. நீங்க சீட்டு திறக்கட்டும்னு உட்கார்ந்திருக்கீங்க."

"சனிக்கிழமைதானே. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தா..."

"நீங்க போக வேணாம். எனக்கு ஒண்ணு போடுங்க. கக்கூஸ் கதவை ஒட்டி இருந்தாலும் பரவாயில்ல. நான் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. ரன்வேக்கு முகம் செத்துவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து கணினியை எடுத்தார். நேரான விமானத்தில், பின்பக்கத்தில், அவரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். உண்மையாகவே தேர்ந்தெடுத்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. பெயரை அடித்து முடிப்பதற்குள் போனில் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. வேறொரு நாட்டு நகரத்திலிருந்து அண்ணன் ஊருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் போகிற விமானத்தில் கட்டில் நாற்காலி திறந்திருக்கிறது. அதுவும் கதவு வைத்தது.

அவர் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். பிற்பாடு நடந்த எதைவிடவும் அந்த வெளிச்சத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

"கிடைச்சிருச்சும்மா. நாளைக்குக் காலையில இங்கேருந்து ஒரு சின்ன விமானம். அந்த ஊர்ல மாறி ஏறினா வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் பக்கத்துல இருப்பேன். நேர் விமானத்துல போனாலும் அதுக்கு அரை நாள் முன்னாடிதான் போய்ச் சேருவேன்."

"நேராப் போறதை விட்டுட்டு ஏன் சுத்தணும்?"

"ஒரு ராத்திரி தூங்கி எழுந்து தெம்பாப் போய் நின்னா அண்ணனுக்கும் நல்லதுதானே."

அவள் எழுந்து போய்விட்டாள். தையல் மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

இப்படி இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நீ வரவில்லை, நாங்கள் போகிறோம் என்று போய்விடுவார்கள், புள்ளியும் போய்விடும். அப்படிப் போகிறவன் முந்தின நாளே போய் அந்த ஊரில் தங்க வேண்டும் என்று குழுவில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்துகிறவரே இவர்தான். அந்த முந்தின நாளை அவர் காத்திருந்தே தீர்த்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை சின்ன விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். பிறகு நாலு பேர் ஆனார்கள். ஒருவன் சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். விமானத்தைப் பற்றித் தெரியாதவர்கள் நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். டயர் மாற்ற வேண்டும், வேறு இடத்திலிருந்து டயர் வர வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பயணிகள் காத்திருக்கிற கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அண்ணன் ஊருக்கு நேராகப் போகிற பெரிய விமானம் நிதானமாகப் பின்வாங்கி, திரும்பி, கிளம்பிப் போனது. அவர் அதை வால் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக ஒரு விமானத்தைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாற வேண்டிய ஊரில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. முட்டி வலி எங்கே போனதோ, ஓடினார். விமானத்துக்குப் போகிற வாசல் மூடியிருந்தது. விமானம் கண்ணுக்கு எதிரே நின்றது, ஆனால் ஏறுகிற பாலத்தை எடுத்துவிட்டார்கள். முகப்பு மேசையில் இருந்த பெண்ணிடம் சட்டைப் பையிலிருந்து தங்க நிற அட்டையை எடுத்து நீட்டினார். அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. அதைக் காட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம், பெட்டிக்கு முதல் இடம், ஓய்வறையில் சோறு. அந்தப் பெண் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சொன்னதில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நீங்கள் வரவில்லை என்று பதிந்துவிட்டது, முதல் விமானம் எங்களுடையது அல்ல, நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே வாக்கியங்களை அவர் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார்.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் சார். முன்பக்கம் இடம் இல்லை. பின்னாடி ஒண்ணே ஒண்ணு இருக்கு. நடு சீட்டு."

"குடுங்க" என்றார். புள்ளி அல்ல, பணம் கட்டினார். எவ்வளவு என்றுகூடப் பார்க்கவில்லை. அப்படிப் போனால் சனிக்கிழமை விடிந்துதான் இறங்க முடியும். அவசரத்துக்கு நடுவிலேயே இதையும் கணக்குப் போட்டுவிட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தார். செய்யாமல் இருக்க முடியாதே.

"எங்கடா இருக்க? கிளம்பிட்டியா?"

"வழியிலதான் அண்ணா இருக்கேன். இங்க... மூடுபனி. எல்லா விமானத்தையும் நிறுத்தி வெச்சுட்டாங்க."

"மூடுபனியா? இந்த மாசத்துலயா?"

"ஆமாண்ணா."

"சரி சரி, பத்திரமா வா. பைலட்டை அவசரப்படுத்தாத." அண்ணன் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடறியது. "நாளைக்கு உன்னைப் பார்த்துடலாம்னு நினைச்சேன். பரவாயில்ல. சனிக்கிழமை காலையில வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன் அண்ணா."

அந்த இரவையும் மறுநாள் காலையையும் விமான நிலையத்து நாற்காலியிலேயே கழித்தார். தங்க அட்டைக்காரர்களுக்கான ஓய்வறை எதிரிலேயே இருந்தது. உள்ளே போகவில்லை. போகக்கூடாது என்று முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. எழுந்து நடக்கத் தெம்பில்லை.

விமானத்தில் ஏறும்போது முன்பக்கத்தைத் தாண்டித்தானே பின்பக்கம் போக வேண்டும். கதவு வைத்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, விளக்கு எப்படி எரியும் என்றெல்லாம் இவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தலையைக் குனிந்தபடி தாண்டிப் போனார். நடு சீட்டில் இரண்டு பக்கமும் தோள் இடித்தது. முன் நாற்காலி சாய்ந்து மூக்குக்கு நேரே வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் தூங்கித் தூங்கி இவர் தோளில் விழுந்தார். இவர் அவரைத் தள்ளவில்லை. வழி நெடுக ஒரே நினைப்புதான். ஞாயிற்றுக்கிழமையே இந்த மாதிரி ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு அண்ணனோடு பேசிச் சலித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரி மாடியில் அண்ணன் மகள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் அப்பாவின் மூக்குக் கண்ணாடி. இவரே செய்து அனுப்பிய கண்ணாடி. அதைப் பார்த்ததும் இவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இப்பத்தான், சித்தப்பா, உள்ள கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மயக்கத்துக்கு ஊசி போட்டுட்டாங்க. கண்ணாடியையும் கழட்டச் சொல்லிட்டாங்க. யாரு உள்ள வந்தாலும் 'தம்பியா'ன்னு கேட்டுட்டே இருந்தாரு. வண்டி தள்ளிட்டுப் போறவரு நல்ல மனுஷன், ஆமாங்கற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் கேட்கிறதை நிறுத்திட்டு அமைதியாயிட்டாரு."

அண்ணனின் பார்வை எண் அவருக்கு மனப்பாடம். கண்ணாடியைக் கழற்றினால் கைநீளத்துக்கு அப்பால் எல்லா முகமும் அண்ணனுக்கு ஒரே மங்கல்தான். பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் பிழைத்தார். பாதிக்குப் பாதியில் நல்ல பாதி அவருக்கு வாய்த்தது. தொண்டையிலிருந்து குழாயை எடுத்து, சாதாரண அறைக்குக் கொண்டுவந்து, இரண்டு வார்த்தை பேசுகிற அளவுக்கு வந்ததும் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ வந்துட்டடா" என்றார். காற்றாகத்தான் குரல் வந்தது. "கதவுகிட்ட வந்து கையைப் பிடிச்சியே, ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் பயமே இல்ல."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை அசைத்தாள். வெளியே வந்ததும், "அப்படியே இருக்கட்டும் சித்தப்பா. அவருக்கு அது நிம்மதியா இருக்கு" என்றாள்.

இருக்கட்டும் என்றுதான் அவரும் இரண்டு நாள் பார்த்தார். ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற நர்ஸிடம் அண்ணன் அதையே சொன்னார். படுக்கை விரிப்பை மாற்ற வந்தவரிடம் சொன்னார். "என் தம்பி. கடல் தாண்டி வந்து, சரியா நேரத்துக்கு வந்து கையைப் பிடிச்சான்." அவர்கள் இவரைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு புன்னகைக்கும் இவர் ஓர் அங்குலம் குறுகிப்போனார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடட்டுமா?"

"என்னைக் கேட்காதீங்க. என்கிட்ட கேட்டா எதைச் செஞ்சீங்க, இதைக் கேட்க?" என்றாள். பிறகு, கொஞ்சம் இறங்கின குரலில், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் துணி மாற்றி வர வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். அவருடைய கை தம்பியின் கைக்குள் இருந்தது.

"அண்ணா" என்றார் தம்பி. "அது நான் இல்லண்ணா."

"எது?"

"கையைப் பிடிச்சது. அது வண்டி தள்றவரு. நான் அப்ப இன்னும் ஆஸ்பத்திரிக்கே வரலை." நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னார். "மூடுபனியும் இல்ல. ஞாயித்துக்கிழமையே டிக்கெட் இருந்துச்சு. தினமும் இருந்துச்சு. படுத்துக்கிட்டு வர்ற சீட்டு கிடைக்கட்டும்னு நான்தான் காத்திருந்தேன். அது கிடைச்சு, அதையும் தவற விட்டுட்டு, கடைசியில வந்தேன்."

அண்ணன் கண்ணாடி வழியாகத் தம்பியை நன்றாகப் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். நடைபாதையில் சாப்பாட்டு வண்டி ஒவ்வொரு அறையாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அண்ணன் கையை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கோபத்தில் உதறியது போல இல்லை. குளிருக்கு வைத்துக்கொண்டது போலவும் இல்லை.

சாப்பாட்டு வண்டி அடுத்த அறைக்கு வந்துவிட்டது.

"தண்ணி குடு" என்றார் அண்ணன்.

டம்ளரில் குடிக்கக்கூடாது, ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். தம்பி தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, ஒரு ஸ்பூன் கொடுத்தார். அண்ணன் விழுங்கினார். கண் கூரையில் இருந்தது. இன்னொரு ஸ்பூன் கொடுத்தார். அதையும் விழுங்கினார். போதுமா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்தபோதெல்லாம் ஒரு ஸ்பூன் கொடுத்துக்கொண்டே இருந்தார்.